நேரில் வந்த வகையில்

கணக்கு அறிக்கை ஒன்பது பக்கம்.
யோகராணி அதை அடுப்பு மேடையில் பரப்பி
மூலைக்கு ஒரு கேரட் வைத்தாள்,
கேத்திக் காற்று கொண்டுபோகாமலிருக்க.

தவணை தவறியது மூன்று மாதம். மறுக்கவில்லை.
கேரட் கிலோ ஆறு ரூபாய்க்கு விழுந்த வருஷம் அது.
பாலாடாவில் பறிக்காமலே மண்ணோடு உழுதார்கள்.
லோடு இல்லாத என் பிக்கப்
வாசலில் நின்று பனி குடித்தது.

பிறகு கட்டினோம்.
அவள் சங்கிலி போனது, டயர் மாற்றச் சேர்த்ததும் போனது.
கட்டக் கட்ட பாக்கி மட்டும்
பாறை இடுக்குத் தண்ணீர் மாதிரி
எங்கிருந்தோ ஊறிக்கொண்டே இருந்தது.

ஆறாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.
எறும்பு எழுத்து:
'நேரில் வந்து பாக்கி கேட்ட வகையில் 590.'
கீழே இன்னொன்று. பக்கத்தைத் திருப்பினால் ஐந்து.
எண்ணி முடித்தபோது பதினொன்று.

'பதினொரு தடவையா வந்தான்?'
'நான் பார்த்தது ஒரு தடவை.'
'நானும் அதைத்தான் பார்த்தேன்.
மழையில் வந்தான். சாக்ஸைப் பிழிந்து
படியில் போட்டுவிட்டு
டீ குடிக்கும்வரை கடன் பேச்சே எடுக்கவில்லை.'

போன் போட்டேன்.
இருபது நிமிஷம் பாட்டு.
'சிஸ்டத்தில் அப்படித்தான் சார் இருக்கிறது.'
'சிஸ்டமா கேத்திக்கு வந்தது?' என்றேன்.
மறுபடியும் பாட்டு.

சீட்டுக்கு அடியில் கிடக்கும் என் ட்ரிப் நோட்டு,
டீசல் வாடை, பேனா பாதி, பென்சில் பாதி.
அதை அவள் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நவம்பர் 9. மரப்பாலத்தில் மண் சரிவு. பர்லியாரில் நிறுத்தம். வெங்காயம் 20 மூட்டை.
நவம்பர் 10. அங்கேயே. கோத்தகிரி வழியும் அடைப்பு. குரங்கு ஒரு மூட்டையைப் பிரித்துவிட்டது.

அவர்கள் தாளில்:
நவம்பர் 10. நேரில் வந்த வகையில் 590.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் இரண்டு வழியும்
சேற்றில் மூடிக்கிடந்த நாளில்
எங்கள் கதவை யார் தட்டியது?
ஆனையா, மேகமா?
வேறொரு தடவை பெரிய வெள்ளியன்று வந்தார்களாம்.
அன்று தெருவே சிலுவைப்பாதையில் நடந்துகொண்டிருந்தது,
நானும்தான், ஏழாம் ஸ்தலத்தில் முட்டி வலியோடு.

கடிதம் அவள் கையெழுத்து.
'பதினொன்றையும் கேள்' என்றேன்.
'பத்து' என்றாள். 'ஒன்று நிஜம்.'
'அப்படியானால் டீக்கு நாம் ஒரு பில் போடுவோமா?'
சிரிக்கவில்லை. கூட்டிக்கொண்டிருந்தாள்.
பத்துக்கு 5,900.
அதன் தலையில் ஏற்றிய அபராத வட்டி 1,312.
வராத கால்களுக்கு நாங்கள் கொடுத்த வாடகை
ஆக மொத்தம் 7,212.

பதில் வந்தது வழவழப்பான தாளில்.
நல்லெண்ண அடிப்படையில் இரண்டாயிரம் தருகிறார்களாம்.
'நல்லெண்ணம்' என்ற சொல்லை
அவள் பென்சிலால் வட்டமிட்டு
'இது நாங்கள் கேட்டதில்லை' என்று ஓரத்தில் எழுதி
நகலெடுத்து
குறைதீர்ப்பாளருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று,
ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினாள்.
கேத்தி தபால் ஆபீஸில் பசை காய்ந்திருந்தது.
சோற்றுப் பருக்கை வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்தாள்.

ஐம்பத்து மூன்று நாள்.
அதற்குள் முட்டைக்கோஸ் ஒரு போகம் ஏற்றி இறக்கிவிட்டேன்.

கொண்டை ஊசி வளைவில் போன் நடுங்கியது.
கையெடுக்க முடியாத இடம்.
பர்லியார் வந்து ஓரங்கட்டிப் பார்த்தேன்:
வரவு 7,212.
தவறு என்றோ மன்னிப்பு என்றோ
ஒரு எழுத்து இல்லை. எண் மட்டும் சரியாக இருந்தது.
நோட்டில் எழுதினேன்:
ஜூன் 4. பர்லியார். பணம் திரும்பியது. சாலை திறந்திருக்கிறது.

யோகராணியிடம் சொன்னேன். 'சரி' என்றாள்.
அப்புறம் கேட்டாள்,
'அந்த ஒரு 590-ல்
அந்த ஆளுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள்?'

தெரியவில்லை.
ஆறாம் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது,
நாங்கள் அடிக்காமல் விட்ட ஒரே வரி,
ஈர சாக்ஸோடு.